நிக்கல் முலாம்: எந்தப் பாகத்துக்கு எந்த முறை?

மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

முன்னுரை



குளியலறைக் குழாய், சைக்கிள் மணி, ஸ்பேனர் என்று பளபளப்பாக எதைப் பார்த்தாலும் "குரோம் போட்டது" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்தக் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருக்காது. அதற்கு அடியில் 10, 20 மைக்ரான் கனத்தில் இருந்து துருவைத் தடுப்பது நிக்கல்தான். பேர் குரோமுக்கு, உழைப்பு நிக்கலுக்கு!

இந்த நிக்கலைப் பூசப் பல முறைகள் உண்டு. "எது சிறந்தது?" என்று கேட்டால் பரீட்சைக்கு ஒரு பதில் எழுதலாம். ஆனால் பட்டறையில் அந்தக் கேள்வியே தப்பு. "இந்தப் பாகத்துக்கு எது?" என்றுதான் கேட்க வேண்டும். நான்கு வாரம் தொழிற்பயிற்சிக்காகக் கோவைப் பக்கம் ஒரு சிறிய பிளேட்டிங் பட்டறைக்குப் போனபோது இதைக் கற்றுக்கொண்டேன். பாடத்தையும் அங்கே நடந்ததையும் சேர்த்தே இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

நிக்கல் எப்படிக் காக்கிறது?

முதலில் ஒரு அடிப்படை. இரும்பின் மேல் துத்தநாகம் பூசினால், ஒரு கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அப்படியல்ல. அது இரும்பைவிட எளிதில் அரிக்காத உலோகம். எனவே அது ஒரு போர்வை மாதிரி மூடி மட்டுமே காக்கும். போர்வையில் ஓட்டை விழுந்தால் ஈரம் உள்ளே போய், அந்த ஓட்டை இருக்கும் இடத்தில் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும்.

ஆகவே நிக்கல் பூச்சில் முக்கியம் பளபளப்பு அல்ல. எல்லா இடத்திலும் விட்டுப்போகாமல், போதுமான கனத்தில் மூடியிருக்கிறதா என்பதே முக்கியம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் முறை: மின்முலாம்

நம் பட்டறைகளில் அதிகம் நடப்பது இதுதான். நிக்கல் உப்புக் கரைசலில் பாகத்தை எதிர்மின்வாயாகவும், நிக்கல் துண்டுகளை நேர்மின்வாயாகவும் தொங்கவிட்டு, ரெக்டிஃபையரிலிருந்து நேர்மின்சாரம் கொடுக்கிறோம். நேர்மின்வாய் நிக்கல் கரைந்து கரைசலுக்குள் வரும். கரைசலிலுள்ள நிக்கல் அயனி பாகத்தின் மேல் போய்ப் படியும்.

இன்றும் பயன்படும் கரைசலின் அடிப்படையை 1916-ல் அமெரிக்காவின் ஆலிவர் வாட்ஸ் வகுத்தார். அவர் பெயராலேயே 'வாட்ஸ் பாத்' என்கிறோம். ஒரு லிட்டருக்கு வழக்கமான அளவு இது:

நிக்கல் சல்ஃபேட் - 240 முதல் 300 கிராம்
நிக்கல் குளோரைடு - 30 முதல் 60 கிராம்
போரிக் அமிலம் - 30 முதல் 45 கிராம்
வெப்பம் - 45 முதல் 60 டிகிரி செல்சியஸ்
பி.எச். - சுமார் 3.5 முதல் 4.5

மூன்று பொருளுக்கும் மூன்று வேலை. நிக்கலை அதிகம் தருவது சல்ஃபேட். நேர்மின்வாய் ஒழுங்காகக் கரையவும் மின்சாரம் எளிதாகப் பாயவும் குளோரைடு. பாகத்தின் அருகே பி.எச். ஏறிவிடாமல் பிடித்து வைப்பது போரிக் அமிலம். கேரம் போர்டில் தூவுகிறோமே, அதே பவுடர்தான்! பளபளப்புக்குச் சேர்க்கும் பொருள்களில் சாக்கரினும் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர்கள் காபியில் போட்டுக்கொள்ளும் அந்தச் சாக்கரின்தான். முதலில் கேட்டபோது என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஐந்து நிமிடக் கணக்கு

ஃபாரடே விதிப்படி, ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் அதிகபட்சம் 1.095 கிராம் நிக்கல் படியும். நிக்கலின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.9 கிராம். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரத்தில் 12.3 மைக்ரான் தரும். கொஞ்சம் மின்சாரம் ஹைட்ரஜனை உண்டாக்குவதில் வீணாவதால் 12 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது:

ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஒரு ஆம்பியர், 5 நிமிடம் = 1 மைக்ரான்.

முதலாமாண்டு தம்பி தங்கைகளே, இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 20 மைக்ரான் வேண்டும், சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் கொடுக்கிறோம் என்றால் நேரம் எவ்வளவு? 20-ஐ 5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 25 நிமிடம். அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இது சராசரி. மின்சாரம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகப் போவதில்லை. முனை, ஓரம், மேடு ஆகிய இடங்களுக்கு அதிகமாகப் போகும். மூலை, பள்ளம், துளை ஆகிய இடங்களுக்குக் குறைவாகப் போகும். ஆழமான துளைக்குள் கிட்டத்தட்டப் போகவே போகாது. புத்தகத்தில் இதை ஒரு வரியாகப் படித்து மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் புரிந்தது பட்டறையில்தான்.

அறுபது பீஸ் திரும்பி வந்த கதை

நான் சேர்ந்த இரண்டாவது வாரம், ஏற்கனவே அனுப்பிய 60 பீஸ் திரும்பி வந்தது. நீர்ப் பம்பு வால்வில் வரும் ஒரு பாகம். மைல்டு ஸ்டீல் உருளை. விட்டம் 40 மி.மீ., நீளம் 60 மி.மீ. ஒரு பக்கத்திலிருந்து 12 மி.மீ. விட்டத்தில் 50 மி.மீ. ஆழத்துக்கு ஒரு துளை. மறுபக்கம் திறக்காத மூடிய துளை. டிராயிங்கில் எழுதியிருந்தது "நிக்கல் பிளேட்டிங் 20 மைக்ரான்" என்ற ஒரே வரி.

வெளியே முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் செம்மண் நிறத்தில் துரு.

சூப்பர்வைசர் உடனே முடிவு கட்டிவிட்டார். "டைம் குறைச்சு எடுத்துட்டாங்க. இல்லாட்டி இப்படி ஆகாது" என்றார். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் பல வருஷமாக அங்கே வேலை செய்யும் ஒரு அண்ணன். வாரக் கூலி. அந்த 60 பீஸுக்கான நஷ்டத்தை அவர் கூலியில் பிடிப்பதாகப் பேச்சு வந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நான் டைமைக் குறைக்கலீங்க." அதற்கு மேல் எப்படி நிரூபிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "தம்பி, நீங்க படிக்கிற பையன். கணக்குப் பாத்து ஏதாச்சும் சொல்ல முடியுங்களா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்கள் அப்பாவும் கூலி பிடித்தம் என்றால் பேசாமல் வாங்கிக்கொண்டு வருகிறவர்தான். அதனால் அந்தக் கேள்வியைத் தட்ட முடியவில்லை. நோட்டை எடுத்தேன்.

வெளிப்பரப்பு: பக்கச் சுற்று 75.4, இரண்டு முகம் 25.1, துளை வாய் 1.1 கழித்தால் சுமார் 99 சதுர செ.மீ. அதாவது ஏறக்குறைய 1 சதுர டெசிமீட்டர்.

உட்பரப்பு: துளைச் சுவர் 18.9, அடி 1.1. மொத்தம் 20 சதுர செ.மீ. அதாவது 0.2 சதுர டெசிமீட்டர்.

இரண்டும் சேர்ந்து 1.2. இதற்கு 4 ஆம்பியர் வீதம் பீஸுக்கு 4.8 ஆம்பியர், 25 நிமிடம். ஜாப் கார்டிலும் அப்படியேதான் எழுதியிருந்தது. பத்து பீஸ் மாட்டிய ஜிக்குக்கு 48 ஆம்பியர். கார்டில் தப்பில்லை.

இப்போது யோசித்தேன். துளைக்குள் மின்சாரம் போகவில்லை என்றால் அந்த 4.8 ஆம்பியரும் வெளிப்பரப்பு ஒரு டெசிமீட்டருக்கே போயிருக்கும். அப்படியானால் வெளியே 20 மைக்ரான் அல்ல, 4.8-ஐ 25-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்து 24 மைக்ரான் ஏறியிருக்க வேண்டும். மாறாக, நேரத்தைக் குறைத்திருந்தால் வெளியேயும் கனம் குறைந்திருக்கும். உள்ளே பட்டினி, வெளியே பந்தியா? இல்லை, இரண்டு பக்கமும் பட்டினியா? அதைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

காந்தத்தால் வேலை செய்யும் கனமானி அங்கே இருந்தது. ஆனால் நிக்கலும் காந்தத்துக்கு இழுபடும், இரும்பும் இழுபடும். இதில் அந்தக் கருவியை நம்ப முடியாது. நமக்குத்தான் மைக்ரோமீட்டர் இருக்கிறதே! அதே லாட்டில் கிரைண்டிங் முடித்து, பூசாமல் நான்கு பீஸ் மீதி இருந்தது. அவற்றோடு, திரும்பி வந்த பீஸ்களின் விட்டத்தை ஒப்பிட்டேன். நடுவில் 0.04 மி.மீ., ஓரத்தில் 0.06 மி.மீ. கூடியிருந்தது. விட்டம் என்பதால் இரண்டால் வகுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 20 முதல் 30 மைக்ரான். வெளியே குறையவில்லை, கூடியே இருக்கிறது!

சந்தேகம் மீதி இருக்கக் கூடாது என்று, பூசாத ஒரு பீஸை எடை போட்டு, சூப்பர்வைசர் முன்னாலேயே 4.8 ஆம்பியரில் 25 நிமிடம் ஓட்டினோம். அதாவது 2 ஆம்பியர்-மணி. ஃபாரடே கணக்குப்படி அதிகபட்சம் 2.19 கிராம். மறுபடி எடை போட்டபோது 2.1 கிராம் ஏறியிருந்தது. பிறகு பீஸை ஹாக்ஸாவால் நீளவாக்கில் அறுத்தோம். துளை வாயிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நிக்கல். அதற்கப்புறம் மங்கல். அடியில் வெறும் இரும்பு.

நேரம் சரி, ஆம்பியர் சரி, நிக்கலும் சரியாகத்தான் ஏறியது. முறைதான் அந்தப் பாகத்துக்குச் சரியில்லை. சூப்பர்வைசர் அறுத்த பீஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூலிப் பிடித்தப் பேச்சு அதோடு நின்றது.

இரண்டாம் முறை: மின்சாரம் இல்லாமல் நிக்கல்

இந்த மாதிரிப் பாகத்துக்கு ஏற்றது 'எலக்ட்ரோலெஸ்' முறை. பட்டறையில் 'ஈ.என்.' என்பார்கள். இதில் ரெக்டிஃபையர் இல்லை, நேர்மின்வாய் இல்லை. நிக்கல் உப்போடு சோடியம் ஹைப்போபாஸ்பைட் என்ற ஒடுக்கும் பொருளைக் கரைசலில் சேர்க்கிறோம். இரும்பின் பரப்பில் ஹைப்போபாஸ்பைட் எலக்ட்ரானைக் கொடுக்க, நிக்கல் அயனி உலோகமாகிப் படிகிறது. படிந்த நிக்கலே அடுத்த நிக்கல் படியவும் தூண்டுகிறது. கரைசல் எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம், துளைக்குள்ளும் மரையின் அடியிலும், ஒரே கனத்தில் படியும்.

இதைக் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ஆப்னர் பிரென்னர், கிரேஸ் ரிடெல் என்ற இருவர், குழாயின் உட்புறத்தில் நிக்கல்-டங்ஸ்டன் கலவையை மின்சாரத்தால் பூச முயன்றார்கள். கரைசல் கெடாமலிருக்க ஹைப்போபாஸ்பைட் சேர்த்துப் பார்த்தார்கள். மின்சாரம் போகாத வெளிப்புறத்திலும் நிக்கல் படிந்திருந்தது! எடை போட்டால் ஃபாரடே கணக்கைவிட அதிகமாக ஏறியிருந்தது. ஏதோ தப்பு என்று ஒதுக்காமல் துருவிப் பார்த்ததால் இந்த முறை பிறந்தது. 1946-ல் இதை வெளியிட்டார்கள். அவர்களுக்கும் துப்புக் கொடுத்தது தராசுதான் என்று படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம்.

இதன் அளவுகள் வேறு. லிட்டருக்கு நிக்கல் உலோகம் சுமார் 6 கிராம், ஹைப்போபாஸ்பைட் 20 முதல் 30 கிராம், பி.எச். 4.5 முதல் 5, வெப்பம் 85 முதல் 90 டிகிரி செல்சியஸ். சூடு இறங்கினால் வேலை மந்தமாகி நின்றுவிடும். மணிக்கு 10 முதல் 20 மைக்ரான் ஏறும். படிவது சுத்த நிக்கல் அல்ல. சில சதவீதம் முதல் 12, 13 சதவீதம் வரை பாஸ்பரஸ் கலந்த நிக்கல்.

என்னுடைய தவறு

இவ்வளவு சொன்னவன் அடுத்த நாளே ஒரு தப்புச் செய்தேன். அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை.

அந்தப் பட்டறையில் 100 லிட்டர் ஈ.என். தொட்டி ஒன்று இருந்தது. மீதியிருந்த மூன்று பூசாத பீஸ்களைச் சோதனைக்கு மாட்டினோம். தூசி துளைக்குள் விழக் கூடாது, எடுக்கும்போது கரைசலும் வடிய வேண்டும் என்று நான் துளை வாயைக் கீழே பார்க்க மாட்டச் சொன்னேன். அந்த அண்ணன், "வாயை மேல பாத்து, கொஞ்சம் சாச்சு மாட்டலாமுங்க தம்பி" என்றார். நான், "இதுல கரண்ட் கிடையாதுங்ணா, எப்படி மாட்டினாலும் ஒண்ணுதான்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

எண்பது நிமிடம் கழித்து எடுத்து அறுத்துப் பார்த்தால், துளையின் அடியில் மறுபடியும் வெறும் இரும்பு! தலைகீழாய்க் கவிழ்த்த டம்ளரைத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்கும் அல்லவா, அதேதான். போதாக்குறைக்கு, நிக்கல் படியும்போது ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். அதுவும் மேலே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. கரைசல் தொடாத இடத்தில் நிக்கல் எப்படிப் படியும்? இது அந்த அண்ணனுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. புத்தகம் படித்த எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க, மூணு பீஸோட போச்சு" என்று சிரித்தார்.

பிறகு அறுபது பீஸிலும் பழைய நிக்கலை உரித்து, துருவை நீக்கி, வாயை மேலே பார்த்துச் சாய்த்து மாட்டி, அவ்வப்போது ஜிக்கை ஆட்டிவிட்டுப் பூசினோம். இந்த முறை வெளியேயும் உள்ளேயும் ஒரே மாதிரி வந்தது. விட்டம் நடுவிலும் ஓரத்திலும் ஒன்றுபோல 0.04 மி.மீ. கூடியிருந்தது.

இங்கே இயந்திரவியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈ.என். துளைக்குள்ளும் முழுக் கனம் ஏறுவதால் 12 மி.மீ. துளை 11.96 ஆகிவிடும். இந்தத் துளை தண்ணீர் போகும் வழி என்பதால் பாதகமில்லை. அதில் ஒரு தண்டு ஓடுவதாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். ரீமர் போடும்போதே அந்த 0.04-ஐ விட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஈ.என். போடலாமே?

போடலாம், காசு இருந்தால்! மின்முலாமில் நேர்மின்வாய் கரைந்து நிக்கலை ஈடுகட்டும். கரைசல் பல வருடம் ஓடும். ஈ.என்.-ல் ஒவ்வொரு கிராம் நிக்கலுக்கும் சுமார் 5 கிராம் ஹைப்போபாஸ்பைட் செலவாகும். எங்கள் 60 பீஸுக்கு மட்டும் 100 கிராமுக்கு மேல் நிக்கல் போனது. தொட்டியில் இருந்ததே 600 கிராம்தான். ஒரே லோடில் ஆறில் ஒரு பங்கு காலி. அதனால் அடிக்கடி சோதித்து, நிக்கலும் ஹைப்போவும் சேர்த்து, பி.எச். இறங்குவதை அம்மோனியா போன்றவற்றால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கழிவு சேர்ந்துகொண்டே வருவதால், தொட்டி நிக்கல் ஐந்து முதல் பத்து முறை தீர்ந்து நிரம்பியதும் பெரும்பாலும் கரைசலையே மாற்ற வேண்டும். தூசியோ அதிகச் சூடோ பட்டால் தொட்டிச் சுவரிலேயே நிக்கல் படிந்து மொத்தமும் கெட்டுப்போகும்.

மற்ற மூன்று முறைகள்

பேரல் முறை: திருகு, வாஷர், ஆணி போன்ற சில்லறைச் சாமான்களை ஒவ்வொன்றாக ஜிக்கில் மாட்ட முடியுமா? துளையிட்ட பிளாஸ்டிக் பீப்பாயில் கொட்டி, கரைசலுக்குள் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே மின்சாரம் கொடுப்பார்கள். கூலி மிச்சம். ஆனால் தட்டையான பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பாகம் வளையும்.

சல்ஃபமேட் முறை: சல்ஃபேட்டுக்குப் பதில் நிக்கல் சல்ஃபமேட். பூச்சில் உள்ளிழுவிசை குறைவு. அதனால் கனமாக ஏற்றினாலும் விரிசல் விடாது. தேய்ந்த பாகத்தைக் கட்டி எடுக்கவும், அச்சு வார்ப்புகள் செய்யவும் ஏற்றது. உப்பு விலை அதிகம்.

பிரஷ் முறை: பெரிய ஷாஃப்டில் ஒரு இடம் மட்டும் தேய்ந்திருந்தால் அதைக் கழற்றித் தொட்டியில் இறக்க வேண்டியதில்லை. கரைசலில் நனைத்த துணி சுற்றிய நேர்மின்வாயை அந்த இடத்தில் தேய்த்தே பூசலாம். கைப்பழக்கம் வேண்டும்.

ஒரு பார்வையில் ஒப்பீடு

கனச் சீர்மை: மின்முலாம் ஓரத்தில் அதிகம், துளையில் குறைவு. ஈ.என். எங்கும் ஒரே அளவு, கரைசல் தொட்டால்.

வேகம்: மின்முலாமில் 4 ஆம்பியருக்கு மணிக்கு 48 மைக்ரான். ஈ.என்.-ல் 10 முதல் 20.

கடினம்: பளபளப்புச் சேர்க்காத வாட்ஸ் நிக்கல் 130 முதல் 200 விக்கர்ஸ். ஈ.என். பூசியபடியே சுமார் 500. 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் 900-க்கு மேல்.

பளபளப்பு: மின்முலாமுக்கே முதலிடம்.

செலவு: அதே கனத்துக்கு ஈ.என். அதிகம்.

பூசும் பொருள்: பிளாஸ்டிக்கின் மேல் மின்சாரம் பாயாது. முதலில் ஈ.என். மெல்லிசாகப் போட்டு, அதன் மேல் மின்முலாம் ஏற்றுகிறார்கள். ஆக, இரண்டு முறையும் பகையாளிகள் அல்ல, பங்காளிகள்!

எந்த முறையானாலும் பொதுவானவை இரண்டு. ஒன்று, சுத்தம். எண்ணெய் நீக்கி, அமிலத்தில் முக்கி, கழுவி எடுத்த பாகத்தின் மேல் தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் படலமாக நிற்க வேண்டும். பிரிந்தால் எண்ணெய் மிச்சம், பூச்சு உரியும். இரண்டு, உயர் வலிமை எஃகில் ஹைட்ரஜன் நுழைந்து நொறுங்கும் தன்மை வரும். பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும்.

கையும் கால்வாயும்

அந்தப் பட்டறையில் இருவருக்கு விரலிடுக்கில் அரிப்பும் வெடிப்பும் இருந்தது. நிக்கல் உப்பு தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் இப்படி ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் விடாது. நிக்கல் சேர்மங்களின் தூசியையும் ஆவித்துளியையும் சுவாசிப்பது இன்னும் மோசம். புற்றுநோய் உண்டாக்குபவை என்று அவை வகைப்படுத்தப்பட்டுள்ளன. கையுறையும் உறிஞ்சு விசிறியும் ஆடம்பரம் அல்ல.

கழிவுநீரில் நிக்கல் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு விதி. வாட்ஸ் கழுவுநீரில் காரம் சேர்த்தால் நிக்கல் வண்டலாக இறங்கும். ஈ.என். கழிவில் நிக்கலை வேறு சேர்மங்கள் இறுகப் பிடித்திருப்பதால் அவ்வளவு எளிதில் இறங்காது. தனியாகச் சேமித்துச் சுத்திகரிக்க வேண்டும். முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

முடிவுரை

நண்பர்களே, அந்த அறுபது பீஸ் விஷயத்தில் யார் மேல் தப்பு? தொட்டி அருகே நின்றவர் மேல் இல்லை. "நிக்கல் பிளேட்டிங் 20 மைக்ரான்" என்று ஒரே வரியில் டிராயிங்கை முடித்ததில்தான் தப்பு. மின்முலாமா, ஈ.என்.-ஆ? எந்தப் பரப்பில் குறைந்தது எவ்வளவு கனம்? துளைக்குள் வேண்டுமா? அளவு பூசுவதற்கு முன்பா, பின்பா? பூசிய பின் சூடாக்க வேண்டுமா? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் டிராயிங்கில் இருந்திருந்தால் ஒரு பீஸும் திரும்பி வந்திருக்காது.

நாளை டிப்ளமோ முடித்து அந்த வரியை எழுதப்போகிறவர்கள் நாம்தான். நாம் சோம்பலில் விட்டுவிடும் ஒரு வார்த்தை, எங்கோ ஒரு பட்டறையில் ஒருவருடைய வாரக் கூலியில் போய் விடியும். கணக்கைப் போடுவோம். போட்டுவிட்டு, தொட்டியருகே நிற்பவரிடம் "எப்படி மாட்டலாமுங்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்கவும் செய்வோம்.

பயிற்சி முடிந்து நான் கிளம்பும்போது, அந்தப் பட்டறை ஜாப் கார்டில் புதிதாக ஒரு கட்டம் அச்சடித்திருந்தார்கள்: "துளை உண்டா? ஆழம்?" அதற்குக் கீழே யாரோ பேனாவால் சேர்த்திருந்தார்கள்: "வாய் மேலே."